முன்பதிவு செய்தவரின் நாற்பத்தொரு மணி நேரம்

எங்கள் அலுவலகம் தியாகராய நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பட்டுப்புடவைக் கடை ஒன்றின் மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கடைக்கும் எங்களுக்கும் பொது. கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த குடும்பங்கள் இரண்டாவது மாடியில் மொத்தமாக இறங்கிவிடும். மீதி ஒரு மாடிக்கு நான் தனியாகப் போவேன். "மேல என்ன செக்ஷன்மா?" என்று யாராவது கேட்பார்கள். "மேல கடை இல்லைங்க, ஆபீஸ்" என்பேன். என்ன ஆபீஸ் என்று அடுத்த கேள்வி வருவதற்குள் கதவு மூடிக்கொள்ளும். மூடியதும் நல்லதுதான். பதில் சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு.

வீடியோ கேம்களைச் சோதித்துப் பார்க்கிற ஆபீஸ் அது. வெளிநாட்டுக் கம்பெனிகள் இன்னும் முடிக்காத விளையாட்டுகளை எங்களுக்கு அனுப்பும். நாங்கள் ஏழு பேர் உட்கார்ந்து, எங்கே உடைகிறது, அதாவது எங்கே 'பக்' இருக்கிறது என்று தேடுவோம். விளையாடுவது என்று அதைச் சொல்ல முடியாது. ஒரே சுவரில் இருநூறு முறை முட்டிப் பார்ப்போம். ஒரே கதவை ஓடிக்கொண்டு திறப்போம், குனிந்துகொண்டு திறப்போம், சண்டைக்கு நடுவில் திறப்போம். உடைந்தால் எப்படி உடைந்தது என்று படிப்படியாக எழுதிப் போடுவோம். சாந்தோமில் என் அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூட ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். "பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரிம்மா" என்று நான் விளக்கிய பிறகுதான் அம்மா என் வேலையைப் பற்றிப் பங்குக் கோவிலில் மற்றவர்களிடம் வாய் திறந்தாள்.

எங்கள் குழுவுக்குத் தலைவராக ஒருவர் இருந்தார். நாற்பது வயது. அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை வைத்தவர். கடையில் உட்கார மாட்டேன் என்று அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு இந்த வேலைக்கு வந்ததாகப் பெருமையாகச் சொல்வார். எங்களில் பாதிப் பேருக்கு இது வேலை. அவருக்கு இதுதான் உயிர். அதை நான் மறுக்க மாட்டேன்.

அவருக்கு மிகவும் பிடித்த ஒரு விளையாட்டு வரிசை உண்டு. காணாமல் போன தங்கையைத் தேடித் தீவு தீவாகப் போகும் ஒரு பெண்ணின் கதை. கையில் ஒரு விளக்கு மட்டும் வைத்திருப்பாள். நாலு பாகம் வந்து, உலகம் முழுக்க ரசிகர்கள் இருந்தார்கள். ஐந்தாவது பாகம் சோதனைக்கு எங்களிடமே வந்து சேர்ந்தபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அப்போது அது வெளிவர இன்னும் ஏழு மாதம் இருந்தது. அவரோ அதை ஏற்கெனவே முன்பதிவு செய்துவிட்டிருந்தார். சாதாரணப் பதிப்பு இல்லை. துணியில் அச்சிட்ட வரைபடம், அந்த விளக்கின் சின்ன மாதிரி, முன்பதிவு செய்தவர்களின் கதாநாயகிக்கு மட்டும் கிடைக்கும் சிவப்பு அங்கி எல்லாம் சேர்ந்த பெரிய பெட்டி.

"நம்ம கையால டெஸ்ட் பண்ற கேமை நாமளே நம்பலன்னா வேற எவன் நம்புவான்? எல்லாரும் புக் பண்ணுங்கப்பா" என்பார்.

எனக்கு முன்பதிவில் எப்போதுமே நம்பிக்கை இருந்ததில்லை. ரயிலில் முன்பதிவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது, இடம் தீர்ந்துவிடும். இணையத்தில் இறக்கிக்கொள்கிற விளையாட்டு தீர்ந்துபோவதே இல்லை. முதல் நாளும் கிடைக்கும், நூறாவது நாளும் கிடைக்கும். நூறாவது நாளில் கிடைப்பது கொஞ்சம் ஒழுங்காகவும் இருக்கும். முதல் நாள் வாங்குகிறவர், வேறு யாரோ சரியாகப் பார்த்திருப்பார்கள் என்று நம்பித்தான் வாங்குகிறார். அந்த வேறு யாரோ நாங்கள்தான். பட்டுப்புடவைக் கடைக்கு மேலே உட்கார்ந்திருந்த ஏழு பேர். நாங்கள் பார்த்த லட்சணம் எனக்குத் தெரியும்.

ஒன்பதாவது அத்தியாயத்தில் ஒரு நதி வரும். கதாநாயகி படகில் ஏறி அக்கரைக்குப் போக வேண்டும். சில சமயம் மழை பிடிக்கும். மழையில் அவள் விளக்கை அணைத்தால், இருட்டுக்குள்ளிருந்து மீனவர்கள் பாடுகிற பாட்டு ஒன்று கேட்கும். யாரும் சொல்லாமல் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று ஒளித்து வைத்த அழகான விஷயம். நான் பதினோரு நாள் அந்த நதியிலேயே கிடந்து அதைக் கண்டுபிடித்தேன். அதோடு இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். பாட்டு முடிவதற்குள் படகு அக்கரையைத் தொட்டுவிட்டால், அங்கே விளையாட்டு தானாகச் செய்துகொள்ளும் சேமிப்பு காலியாகப் பதிவாகும். அதற்கு முன்னால் ஆடியது அத்தனையும் போய்விடும். இணையத்தில், கிளவுடில் இருக்கும் நகலும் சேர்ந்து காலியாகும். திரையில் 'புதிய ஆட்டம்' என்ற ஒரே ஒரு வரி மட்டும் மிஞ்சும்.

ஐந்து முறை செய்து பார்த்தேன். ஐந்து முறையும் போனது. பதினாலு படிகளாக எழுதி, வீடியோவும் சேர்த்து, மதியம் மூன்று பத்துக்குப் பிழைப் பட்டியலில் ஏற்றினேன். மழை வருவதற்குக் காத்திருக்கவே இருபது நிமிடம் ஆகும் என்றும் அதில் எழுதியிருந்தேன்.

மூன்று பதினாலுக்குத் தலைவர் அதை, இனி யாரும் பார்க்க வேண்டாம் என்று, மூடிவிட்டார். 'முயன்றேன். வரவில்லை' என்று குறிப்பு.

அவருடைய மேசைக்குப் போனேன். "சார், அந்த ரிவர் பக், ட்ரை பண்ணீங்களா?"

"பண்ணேன்மா. வரல."

"நாலு நிமிஷத்துலயா சார்?"

மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்கேதான் நான் தவறு செய்தேன் என்று பிறகு சிலர் சொன்னார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டுமாம்.

அவர் நாற்காலியைத் திருப்பினார். "வெள்ளிக்கிழமை கிளையன்ட்டுக்கு லிஸ்ட் போகணும். அவனவனுக்கு ஆயிரம் சோலி கெடக்கு. மழையில, விளக்க அணைச்சிட்டு, படகுல போறதுக்கு யாரும்மா இருக்கா? போய் வேற பாரு."

மறுநாள் அதை மறுபடி திறந்தேன். அவர் மூடினார். அடுத்த வாரம் திறந்தேன். மூடினார். மூன்று முறை. அந்த வெள்ளிக்கிழமை வெளிநாட்டுக்காரர்களோடு வீடியோவில் பேசும் கூட்டம் நடந்தது. சேமிப்பில் ஏதாவது பிரச்சினை உண்டா என்று அவர்கள் கேட்டார்கள். எண்ணிக்கை காட்டுவதற்காக எங்கள் குழுவில் ஒருவர் நடக்காததையெல்லாம் எழுதுகிறார், அதை நாங்கள் கவனித்துக்கொள்கிறோம் என்று தலைவர் ஆங்கிலத்தில் சிரித்தபடி சொன்னார். நான் அதே அறையில், காமிராவுக்குத் தெரியாத ஓரத்தில், நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை என்னை அந்த விளையாட்டிலிருந்து எடுத்து, பழங்களை மூன்று மூன்றாகச் சேர்க்கும் ஒரு போன் விளையாட்டுக்கு மாற்றினார்கள். இடமும் மாறியது. லிஃப்ட் பக்கத்தில், தண்ணீர் கேனுக்கு அடுத்த மேசை.

எனக்குக் கோபம் வந்தால் கத்த வராது. அழவும் வராது. காத்திருக்க வரும். சுவரில் இருநூறு முறை முட்டுகிற வேலையில் ஏழு வருஷம் இருந்தவளுக்கு நாலு மாதம் ஒன்றும் பெரிதில்லை. நாலு மாதமும் வாழைப்பழத்தையும் திராட்சையையும் சேர்த்துக்கொண்டே, அந்த நதியை நான் ஒரு நாள்கூட மறக்கவில்லை.

வெளிவருவதற்குச் சில நாள் முன்னால் குழுவில் இருந்த நண்பன் ஒருவன் என் மேசைக்கு வந்தான். ராயப்பேட்டைக்காரன். என்னைவிட நாலு வயது சின்னவன். அந்த நதிச் சண்டை நடந்த நாட்களில் அவன் லீவில் இருந்தான். போன வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய ஷிப்ட் தினமும் மாறும். இரண்டு பேரும் சேர்ந்து வீட்டில் இருப்பதே அபூர்வம். இருக்கிற நேரத்தில் அவன் கேம் ஆடுவான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

"இன்னாக்கா, சாரு எல்லாரையும் புக் பண்ணு புக் பண்ணுன்னு சொல்லிக்கினே கீறாரு. பண்லாமா?"

"வேணாம். வந்து ரெண்டு மாசம் போகட்டும், அப்புறம் வாங்கிக்கோ."

"சேப்புக் கோட்டு கெடைக்காதேக்கா."

"அந்தக் கோட்ட போட்டுக்கினு எங்க போகப் போற?"

சிரித்தான். அதற்கு மேல் விளக்கமாகச் சொல்ல எனக்கு வழியில்லை. விளையாட்டு வெளிவரும்வரை உள்ளே பார்த்ததை யாரிடமும் பேசக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தோம், மேசை மாறினால் குழுவுக்குள்ளும் கூடாது. மறுநாள் காலையில் வந்து, "பண்ட்டேன்க்கா. வூட்ல அவ ஆசப்படறா" என்றான்.

விளையாட்டு வெளிவந்தது. கம்பெனி கடைசி நேரத்தில் சரி செய்த பிழைகளின் பட்டியலும் அன்றே வந்தது. நூறுக்கு மேல் வரிகள். இரண்டு முறை படித்தேன். நதி இல்லை, படகு இல்லை, பாட்டு இல்லை. அப்போது என் உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவியது. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தால் வருமே, அந்தக் குளிர்ச்சி.

தலைவர் இரண்டு நாள் லீவு போட்டு ஆடிவிட்டு வந்தார். நாலு மாதமாக நான் அவரோடு வேலை தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று மதியம் என் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் உட்காரும் மேசைக்குப் போனேன். "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டேன்.

அவருக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அன்றிலிருந்து தினமும் சொன்னார். மூன்றாவது அத்தியாயம், நாலாவது அத்தியாயம். எந்த மூலையையும் விடாமல், ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்து ஆடுகிறவர் அவர். தங்கையின் ஒற்றைச் செருப்பு கடற்கரையில் கிடந்த இடத்தைச் சொல்லும்போது அவர் சாப்பாட்டையே மறந்துவிட்டார். அந்த மாதிரி நேரத்தில் அவரைப் பிடிக்காமல் இருப்பது கஷ்டம். நான் கஷ்டப்பட்டு அதைச் செய்தேன். அந்தக் கூட்டத்தில் அவர் சிரித்த சிரிப்பை நினைத்துக்கொள்வேன், சரியாகிவிடும்.

எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று தினமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பதினாறு. இருபத்தெட்டு. முப்பத்தைந்து. எண்ணிக்கை ஏறுவது எனக்கு வேண்டியிருந்தது. சீக்கிரம் போய்விடக் கூடாது. அந்த விளையாட்டில் அவர் வீடு கட்டி, தோட்டம் போட்டு, ஒரு நாய்க்குப் பேர்கூட வைத்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை எட்டாவது அத்தியாயம் முடிந்தது என்றார். தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னேன். "அடுத்தது நதி வரும்ல சார். மழை வர்ற வரைக்கும் கரையிலயே இருங்க. படகுல ஏறினதும் விளக்க அணைச்சிடுங்க. மீனவங்க பாட்டு ஒண்ணு கேக்கும். ரொம்பப் பேருக்குத் தெரியாது."

"அப்படியா! நீ டெஸ்ட்ல பாத்தியா?"

"ஆமா சார்."

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை, விளக்கு, படகு. மூன்று வார்த்தைகளையும் அவர் கையில் கொடுத்திருந்தேன். அந்த நொடியில் என் அறிக்கை அவருக்கு ஞாபகம் வந்திருந்தால் தப்பித்திருப்பார். மூன்று முறை மூடிய அறிக்கை. அதற்காக என்னை ஓரத்துக்குத் தள்ளிய அறிக்கை. அவருக்கு ஞாபகம் வரவில்லை. அன்று என்னிடம் எரிந்து விழுந்தபோது சொன்ன மூன்றும் தலைப்பில் பார்த்தவை, அவையும் மறந்துபோயிருந்தன. தலைப்பைத் தவிர எதையும் அவர் படித்ததே இல்லை.

"சூப்பர்மா. தேங்க்ஸ்" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் என் போனில் ஆபீஸ் குரூப்பில் அவருடைய செய்தி வந்தது. 'நதியில் மழை வந்ததும் விளக்கை அணைங்க. செம சீக்ரெட். நான் நாளைக்குப் பண்ணப் போறேன்.'

இது என் கணக்கில் இல்லை. ராயப்பேட்டை நண்பன் உடனே கட்டைவிரலை உயர்த்திப் பதில் போட்டிருந்தான். போன வாரமே அவன் ஏழாவது அத்தியாயத்தில் இருந்தான். நான் அவனுக்குத் தனியாக எழுத ஆரம்பித்தேன். 'அணைக்காதே' என்று எழுதினேன். அனுப்பவில்லை. அவனுக்கு வாய் நிற்காது. சொன்னால் அடுத்த நிமிடமே குரூப்பில் கத்திவிடுவான். தலைவர் தப்பித்துவிடுவார். அவன் இன்னும் நதிக்கு வந்திருக்க மாட்டான், ஞாயிற்றுக்கிழமை கழியட்டும், திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எழுதியதை அழித்தேன்.

திங்கட்கிழமை தலைவர் பத்தரைக்கு வந்தார். எப்போதும் ஒன்பதுக்கே வருகிறவர். பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் என்ன சார் என்று கேட்டதற்கு, "போச்சுப்பா. நாப்பத்தோரு மணி நேரம். மொத்தமும் போச்சு" என்றார். துக்க வீட்டில் பேசுகிற குரல்.

நான் திராட்சையைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு மேளம் அடித்துக்கொண்டிருந்தது. நாலு மாதத்தில் முதல் முறையாக அன்று எனக்குப் பசித்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் பழைய பட்டியலைத் திறந்தார். என் இடத்திலிருந்து அவருடைய திரை தெரியும். தேடினார். என் அறிக்கை திறந்தது. பதினாலு படிகளையும் மெதுவாக, ஒவ்வொன்றாகப் படித்தார். வீடியோவைப் போட்டுப் பார்த்தார். அதன் பிறகு கீழே, தான் எழுதிய மூன்று குறிப்புகளையும் படித்தார். எழுந்து என் மேசைக்கு வந்தார்.

"நீ எழுதினது இதுதானே?"

"ஆமா சார்."

"இது நடக்கும்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏம்மா என்னை அணைக்கச் சொன்ன?"

நாலு மாதமாக வைத்திருந்த பதில். சத்தம் போடாமல் சொன்னேன். "நீங்கதான் ட்ரை பண்ணி வரலன்னீங்களே சார்."

தண்ணீர் கேனில் ஒரு குமிழி எழும்பிய சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் போய்விட்டார்.

அந்தச் சந்தோஷம் எனக்கு முழுசாக இரண்டு மணி நேரம் நின்றது. மதியம் ராயப்பேட்டை நண்பன் வந்தான். அன்று அவனுக்கு அரைநாள் லீவு. நேராக என்னிடம் வந்து நின்றான். குழுவில் யாரோ அவனுக்குப் போனிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள்.

"எனுக்கும் போச்சுக்கா" என்றான். "நேத்து அவுளுக்கு லீவு. காலைல ஒக்காந்து ஆடிக்கினே இருந்தோம். நதி வந்துச்சு. அவதான் சொன்னா, சாரு சொன்னாரே, வெளக்க அணைன்னு. பாட்டு வந்தப்போ அவ அழுதுட்டாக்கா, அவ்ளோ நல்லா கீது. அப்பால ஒண்ணுமே இல்ல."

"நான் உன்ன வாங்க வேணாம்னு..."

"வாங்க வேணாம்னு சொன்னே. அணைக்க வேணாம்னு சொன்னியா? கேம்தான் வெளிய வந்துடுச்சே, இப்ப சொல்றதுக்கு இன்னா? அந்தாள மாட்டிவுடறதுக்கு என்னியும் சேத்துப் போட்டுட்ட."

அனுப்பாமல் அழித்த செய்தியைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் மோசமாகத் தெரியும். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. லிஃப்டில் ஏறினால் புடவைக் கடைக்காரர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான்.

அடுத்த வாரத்துக்குள் உலகம் முழுவதும் புகார்கள் வந்துவிட்டன. பாட்டின் ரகசியம் பரவப் பரவ, அதைக் கேட்க ஆசைப்பட்டவர்களுடைய ஆட்டமெல்லாம் காலியானது. அதில் பெரும்பாலும் முன்பதிவு செய்தவர்கள்தான். கதாநாயகிக்குச் சிவப்பு அங்கி போட்ட படங்களோடு திட்டித் திட்டி எழுதியிருந்தார்கள். விளையாட்டின் மேல் அதிகம் ஆசை வைத்தவர்கள் யாரோ, அவர்கள்தான் முதலில் வாங்கினார்கள், ஒவ்வொரு மூலையாகத் தேடினார்கள், அகப்பட்டுக்கொண்டார்கள். பொறுத்திருந்து வாங்கியவர்களுக்கு இப்படி ஒரு நதி இருந்ததே தெரியாது.

சோதனையில் இது எப்படித் தவறியது என்று வெளிநாட்டுக் கம்பெனி கேட்டு எழுதியது. அதற்காகத்தான் நான் காத்திருந்தேன். மூன்று முறை மூடிய தேதி, நேரம், அவருடைய குறிப்புகள், என் வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மெயில் எழுதி, இரண்டு நாளாகச் சரி பார்த்துத் தயாராக வைத்திருந்தேன். அவர் என் மேல் பழி போடுவார், போட்டதும் இதை அனுப்ப வேண்டும் என்று திட்டம். அவருக்குப் பொய் சொல்ல ஒரு வாய்ப்பு கொடுத்து, பிறகு அடிக்க வேண்டும்.

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் எல்லாருக்கும் நகல் போட்டு இரண்டே வரி எழுதினார். 'பிழை எங்கள் குழுவில் நாலு மாதம் முன்பே கண்டுபிடிக்கப்பட்டது. நான் அதைச் சோதிக்காமலேயே மூடினேன்.'

அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? கையில் ஓங்கிய கல்லை யாரோ பின்னாலிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. எல்லாரும் அவருடைய நேர்மையைப் பற்றிப் பேசினார்கள். யார் கண்டுபிடித்தது என்று அந்த இரண்டு வரியில் இல்லை. என் மெயிலைப் பற்றிச் சொன்னேன், அதை அனுப்பினால் விழுந்தவரை மிதிப்பதாக இருக்கும் என்றார்கள். நான் அனுப்பினேன். மேலே ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன்: கண்டுபிடித்தது நான், விவரம் இணைப்பில். வெளிநாட்டிலிருந்து எனக்கு நன்றி சொல்லி ஒரு பதில் வந்தது. மூன்று வாரத்தில் பிழையைச் சரி செய்தார்கள். போன ஆட்டங்களைத் திருப்பித் தர முடியாது என்று வருத்தம் தெரிவித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவர் அடையாறில் வேறொரு கம்பெனிக்குப் போனார். வழியனுப்பும் நாளில் சமோசாவும் ஜூஸும் வாங்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் கை கொடுத்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் கொஞ்சம் நின்றார். "நீ நல்ல டெஸ்டர்மா. விட்டுடாத" என்றார். நான் காத்திருந்தேன். இன்னொரு வார்த்தை வர வேண்டும். அந்தக் கூட்டத்தில் சொன்னதற்காக ஒரே ஒரு வார்த்தை. அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். கம்பெனியிடம் ஒத்துக்கொண்டார், என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வார்த்தை எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. அவருக்குப் போன நாற்பத்தொரு மணி நேரமும் எனக்குக் குறைவாகத்தான் தோன்றுகிறது.

ஈஸ்டருக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். நண்பனுடைய விஷயத்தைச் சொன்னேன். தலைவருடையதைச் சொல்லவில்லை. மனஸ்தாபப்படாத, அதாவது மனம் வருந்தாத பாவத்தைச் சும்மா ஒப்பிக்கக் கூடாது என்று மறைக்கல்வி வகுப்பில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அம்மாதான்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ராயப்பேட்டைக்குப் போனேன். அவன் வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டாவது மாடியில். கதவைத் திறந்தது அவன் மனைவி. கல்யாணத்தில் பார்த்ததற்குப் பிறகு அன்றுதான் பார்க்கிறேன். ஷிப்ட் முடிந்து வந்து, தலை குளித்துத் துண்டு கட்டியிருந்தாள்.

"வாங்கக்கா" என்றாள். உள்ளே திரும்பி, "யோவ், உங்க அக்கா வந்துக்கீறாங்க" என்று குரல் கொடுத்தாள்.

அவன் வந்து நின்றான். உட்காரச் சொல்லவில்லை. நான் யோசித்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, "அந்த கேம மறுபடி ஆரம்பிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. இன்னொரு தபா மொதல்லேர்ந்து எவன் ஆடறது?"

"நான் ஆடித் தரேன். நீங்க ரெண்டு பேரும் விட்ட இடம் வரைக்கும். நீங்க எடுத்த வழியையே எடுக்கறேன், எங்கெங்க போனீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. "நீங்க அந்தாளப் பழி வாங்குனீங்க, அது உங்க பாடு. எனக்கு மாசத்துல நாலே நாள்தான் இவரோட ஒக்கார முடியுது. அந்த நாளு எங்க நாளுக்கா. கேம்ல போனது பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. அதச் சொல்லாம வுட்டீங்களே, அதான்."

"தப்புதான்" என்றேன். தலைவரிடம் நான் எதிர்பார்த்தது எவ்வளவு சின்ன வார்த்தை என்று சொல்லும்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும் அவர் மேல் கோபம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

அவள் டி.வி.யைப் போட்டாள். நான் தரையில் உட்கார்ந்தேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர்கள் கட்டிய வீட்டை அதே மலைச்சரிவில் கட்டினேன். அவள் வழி சொன்னாள். சில இடத்தில் நான் சீக்கிரமாகப் போனால், "அங்க நின்னு கடல பாத்தோம்க்கா, நில்லுங்க" என்பாள். நிற்பேன். அவன் முதல் இரண்டு வாரம் உள்ளறையிலேயே இருந்தான். மூன்றாவது வாரம் வெளியே வந்து, நான் சண்டை போடுவதைப் பார்க்க முடியாமல், "குட்றா... சாரி, குடுக்கா" என்று என் கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டான்.

ஐந்தாவது வாரம் மசால்வடையும் டீயும் வந்தது. அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். "நெஜமா சொல்லுக்கா. அந்தாளுக்கு மறுபடி அதே மாரி பண்றதுக்கு சான்ஸ் கெடச்சா, பண்ணுவியா?"

"பண்ணுவேன்" என்றேன்.

அவன் மனைவி வடைத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "அப்போ முன்கூட்டியே எங்களுக்கு ஒரு போன் போட்டுடுங்க" என்றாள்.